அக்கா இரண்டாவது முறை சொன்ன சாட்சி

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்குவதற்கு முன்னால் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று, போன வாரம் கர்த்தர் தனக்கு என்ன செய்தார் என்று சொல்லலாம். மகளுக்கு வரன் அமைந்தது, காய்ச்சல் விட்டது, போர் போட்டதில் தண்ணீர் வந்தது. சொல்லி முடித்ததும் எல்லோரும் கைதட்டி அல்லேலூயா சொல்வோம். போர் போட்டு வெறும் புழுதி மட்டும் வந்தவன் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. அவனும் அதே பாயில்தான் உட்கார்ந்திருப்பான். அவனும் கைதட்டுவான்.

அப்படிச் சொன்ன ஒரு சாட்சியால் ஒரு மனுஷி சாகக் கிடந்தாள். அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்று நான் ஜெபிக்கவும் இல்லை.

நான் முட்டை வண்டி ஓட்டுகிறவன். குட்டியானை என்று சொல்வார்களே, அந்தச் சின்ன வண்டி. பண்ணைகளில் முட்டை ஏற்றி நாமக்கல்லில் இறக்கிவிட்டு வருவேன். அக்கா என்று நான் சொல்வது உடன்பிறந்தவளை இல்லை. அடுத்த தெருக்காரி. கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை செய்தாள். எங்கள் ஊரில் கர்த்தரிடம் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அக்காவும் நானும் என் மனைவியும் ஒரே நாளில் ஜேடர்பாளையம் போய், அணைக்குக் கீழே ஆழமில்லாத இடமாகப் பார்த்து ஆற்றில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்தோம். மூழ்கி எழுந்ததும் அக்கா சிரித்த சிரிப்பு ஞாபகம் இருக்கிறது. நான் மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டிருந்தேன்.

அவள் வீட்டுக்காரர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். சபைப் பக்கம் வந்ததே இல்லை. தடுக்கவும் மாட்டார். அன்றைக்கு ஈரச் சேலையோடு வந்து இறங்கியவளைப் பார்த்து, "உங்க சாமிக்குத் தண்ணி ரொம்பப் புடிக்குமாட்ட இருக்குது. ஒரு கெடா வெட்டிச் சோறு போடாத சாமிய வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?" என்றார். அக்கா அவருக்காக ஜெபிக்காத நாள் இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உபவாசம் இருந்து, அந்த ஒரே விண்ணப்பத்தைத்தான் வைப்பாள். அவரை ஒருதரம் சபை வாசல் வரைக்கும் கொண்டு வா ஆண்டவரே என்பாள். உள்ளே கொண்டு வா என்று கேட்கக்கூட அவளுக்குத் துணிச்சல் இல்லை.

சர்க்கரை வியாதி அவள் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், நாமக்கல்லில் டயாலிசிஸ். அந்த நேரத்துக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ் கிடையாது. வீட்டுக்காரருக்குப் பட்டறை வேலை. என் மனைவிதான் சொன்னாள். "பைபிள்ல, நடக்க முடியாதவனைக் கட்டிலோட இயேசுகிட்டத் தூக்கிட்டு வந்து கூரையப் பிரிச்சு எறக்குனாங்களே நாலு பேரு, அவுங்க பிரசங்கமா பண்ணுனாங்க? தூக்குனாங்க. உங்களுக்கும் பேசத் தெரியாது. வண்டி ஓட்டத் தெரியும். தூக்குங்க."

அன்றிலிருந்து என் வண்டியில் முன்சீட்டு அக்காவுடையது. பின்னால் முட்டை, முன்னால் அக்கா. மேடு பள்ளத்தில் மெதுவாகப் போவேன். "எனக்காவ மெதுவாப் போறீங்களா, முட்டைக்காவங்களா தம்பி?" என்று கேட்பாள். முட்டைக்குத்தான் என்பேன்.

அவள் இடது கையில் ரத்தக்குழாய் இரண்டை இணைத்துத் தைத்திருந்தார்கள், ஊசி குத்துவதற்கு வசதியாக. அந்த இடம் புடைத்து, எப்போதும் விர்ரென்று துடித்துக்கொண்டிருக்கும். "தொட்டுப் பாருங்க, கோழிக்குஞ்சப் புடிச்சா துடிக்குமே, அதாட்டவே துடிக்குது" என்று எல்லோரிடமும் கையை நீட்டுவாள். தொட்டவர்கள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள். அவள் சிரிப்பாள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சபையில் மூன்று நாள் சிறப்புக் கூட்டம் வைத்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு ஊழியக்காரர் வந்தார். சனிக்கிழமை கடைசிக் கூட்டத்தில் வியாதிக்காரர்களை முன்னால் கூப்பிட்டார். அக்காவின் தலையில் கை வைத்து உரக்க ஜெபித்து, "மகளே, உன் சிறுநீரகம் புதிதாகிவிட்டது. நாளைக்கே சபையில் எழுந்து அறிக்கை செய். அறிக்கை செய்தால்தான் சுகம் நிலைக்கும்" என்றார். ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு இன்றுவரை அந்த மனிதர் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.

முந்தின நாள் வெள்ளிக்கிழமைதான் அவளுக்கு டயாலிசிஸ் நடந்திருந்தது. டயாலிசிஸ் முடிந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவளுக்கு உடம்பு காற்றாக இருக்கும். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த லேசு வேறு மாதிரி இருந்ததாக அவள் நினைத்துவிட்டாள். எழுந்து நின்று, "கர்த்தர் என்னயச் சொகமாக்கிப்போட்டாருங்க" என்றாள். தகரக் கூரை அதிரும்படி கைதட்டினோம். நானும் தட்டினேன். பாஸ்டர் அதைச் செல்போனில் வீடியோ எடுத்து, மற்ற சபைகளின் வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினார்.

நான் திரும்பிப் பார்த்தேன். வாசலில், செருப்பு விடுகிற இடத்தில், அவள் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். வேலைக்குப் போடும் சட்டை இல்லை. துவைத்த சட்டை.

செவ்வாய்க்கிழமை காலையில் வழக்கம்போல் அவள் வீட்டு முன்னால் ஹாரன் அடித்தேன். வரவில்லை. உள்ளே போனால், அக்கா முறத்தில் அரிசி போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நேரமாச்சுங்க."

"நீங்க போங்க தம்பி. நான் வல்ல."

"ஏனுங்க?"

"சொகமாயிருச்சுன்னு சொல்லிப்போட்டேன். அத்தன சனம் கைதட்டுச்சு. இப்ப உங்க வண்டில ஏறிப் போனா அதுக்கு என்னங்க அர்த்தம்?"

"ரத்தத்தக் கழுவிட்டு வாரோம்னு அர்த்தம். எந்திரிங்க."

அவள் சிரித்தாள். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அவரு வந்தாரு தம்பி. செருப்பு உடற எடத்துல நின்னாரு. பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"சனிக்கெழம ராத்திரி வீட்டுல நான் சொன்னத நம்பித்தான் வந்தாரு. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா, எல்லாம் பொய்யின்னு ஆயிரும். அப்பறம் அவரு அந்த வாசல மிதிப்பாரா? எம்பட உசுரு போனாப் போகுது. அவரு வந்துட்டாரில்ல."

எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது. கத்தினேன். பைத்தியமா உங்களுக்கு என்றேன். அவள் மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டாள். நான் முட்டையோடு தனியாகப் போனேன். அன்றைக்கு ஒரு மேட்டிலும் மெதுவாகப் போகவில்லை. இறக்கும்போது முட்டை உடைந்திருந்தது.

திரும்பி வந்து நேராகப் பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். சின்ன வயசுக்காரர். கெட்டவர் இல்லை, பயந்தவர். இத்தனை வருஷத்தில் அவர் சபையில் நடந்த பெரிய அற்புதம் இதுதான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு இறக்கி வைக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"பிரதர், நான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்னு சொல்லவே இல்லையே" என்றார்.

"போங்கன்னும் சொல்லலையே."

"ஒருத்தங்க விசுவாசத்துல நாம தலையிடக்கூடாது பிரதர்."

"தலையில கை வெச்சது யாருங்க? நீங்க கூப்பிட்ட ஊழியக்காரருதான? கை வெக்கறது தலையிடறது இல்லையா?"

நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அக்கா வண்டியில் ஏறுவாள் என்றேன். ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தைச் செய்யப் போவதில்லை என்பதற்கு அதுதான் மரியாதையான சொல். அவர் ஜெபித்திருப்பார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் சொல்லவில்லை.

புதன்கிழமை என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கால் வீங்கியிருக்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்தே தூங்குகிறாள் என்றாள். அடுப்படிக்குப் போய் அழுதாள். அவள் அழுதால் எனக்குக் கோபம்தான் வரும். யார் மேல் என்று தெரியாமல் வரும். அன்றைக்கு ஆண்டவர் மேலேயே வந்தது. வெளியே போய் வண்டிக்கடியில் குனிந்து எதையோ பார்ப்பது போல நின்றுகொண்டு அவரிடம் கேட்டேன். நீ சுகமாக்கு, இல்லையென்றால் அவளை வண்டியில் ஏற்று, இரண்டில் ஒன்றைச் செய், சும்மா இருக்காதே. எனக்கு எப்போதும் பதில் வந்ததில்லை. வராத பதிலோடுதான் இத்தனை வருஷமாகச் சபைக்குப் போகிறேன்.

வியாழக்கிழமை பட்டறைக்குப் போனேன். வீட்டுக்காரர் பாதி கட்டிய லாரி பாடியின் மேல் உட்கார்ந்து வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமூடியைத் தூக்கிவிட்டு இறங்கி வந்தார்.

"அக்கா கால் வீங்கியிருக்குது, பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேன்."

"பாத்துட்டுமா சும்மா இருக்கறீங்க?"

"சொகமாயிருச்சுன்னு அவளே சொன்னாளுங்க. அவ வாயில பொய் வராது. கல்யாணமான நாள்ல இருந்து எனக்குத் தெரியும்." கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். "நெசமாவாடின்னு கேக்கலாம்னு ராத்திரியெல்லாம் நெனச்சேன். கேக்கப் பயமா இருந்துச்சுங்க. இல்லைன்னு சொல்லிப்போட்டா?"

அவர் நம்பிக்கை கெடக்கூடாதென்று அவள் மூச்சு முட்ட உட்கார்ந்திருந்தாள். அவள் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதென்று இவர் கேட்காமல் இருந்தார். இரண்டு பேரும் ஒரே வீட்டில். எனக்கு இரண்டு பேரையும் சேர்த்து அறைய வேண்டும் போலிருந்தது. நான் அவரிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் எதற்காகப் போகாமல் இருக்கிறாள் என்று.

"எனக்காவவா?" என்றார். பிறகு முதலாளியிடம்கூடச் சொல்லாமல் என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

வீட்டில் அவர் நின்றுகொண்டே பேசினார். "இந்தா, நீ ஆஸ்பத்திரிக்குப் போ. நான் சபைக்கு வாரேன்."

"அப்படித்தான் சொல்லுவீங்க."

"வாரேன்னா வாரேன்."

"கெடா வெட்டாத சாமின்னீங்க?"

"கெடாயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீ சொகமாயிருந்தாலும் வாரேன், சொகமில்லாட்டியும் வாரேன். எந்திரி."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா என்று எனக்கு இன்றும் தெரியாது. மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "வாரேன். ஆனா ஒளிஞ்சு போவ மாட்டேன். எந்த எடத்துல நின்னு சொன்னனோ அந்த எடத்துல நின்னு இல்லைன்னு சொல்லிப்போட்டுத்தான் வருவேன்."

"ஞாயித்துக்கெழமை வரைக்கும் நீங்க தாங்க மாட்டீங்க அக்கா!" என்று கத்தினேன்.

"நாளைக்கு வெள்ளிதான? உபவாச ஜெபம் இருக்குதில்ல? ஆஸ்பத்திரிக்குப் போற வழிதான தம்பி?"

இப்போதே போகலாம் என்று அவரும் நானும் எவ்வளவோ சொன்னோம். அசையவில்லை. விடிய விடிய என் மனைவி அவளோடு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் முட்டை ஏற்றவில்லை. வண்டியைச் சபை வாசலுக்கு ஒட்டி நிறுத்தினேன். அவர் ஒரு பக்கமும் என் மனைவி ஒரு பக்கமும் தாங்கிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பெண்கள்தான் அதிகம். பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்த ஈக்கள் அவர்கள் மேலெல்லாம் மொய்த்தன. அக்காவைக் கண்டதும் பாட்டு தானாக நின்றது. அவள் முகம் அப்படி ஊதியிருந்தது.

பாஸ்டர் மைக்கைக் கையில் வைத்திருந்தார். "சிஸ்டர், மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. இதெல்லாம் அப்புறம்..." என்றார். செவ்வாய்க்கிழமை சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. மைக்கைக் கொடுக்கவில்லை. அக்கா கேட்கவும் இல்லை.

"ஸ்தோத்திரமுங்க" என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி மூச்சு எடுத்தாள். "நான் சொகமாவுலீங்க. அன்னைக்கு ஒடம்பு லேசா இருந்துச்சு. சொகம்னு நெனச்சுப்போட்டேன். இல்லீங்க. கர்த்தர் செய்யாததச் செஞ்சாருன்னு சொன்னா அவருக்குத்தான் அவமானம். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறேன். அவர உட்டுப்போட்டுப் போவல. எனக்காவ ஜெபம் பண்ணுங்க."

ஒருவரும் கைதட்டவில்லை. அல்லேலூயா இல்லை. ஆமென் இல்லை. பின்னால் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "விசுவாசம் பத்தல" என்றாள். நான் திரும்பினேன். என் மனைவி ஒரு கையால் அக்காவைப் பிடித்தபடியே இன்னொரு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்திராவிட்டால் என்ன செய்திருப்பேனோ.

பாஸ்டர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வந்து அக்காவின் தலையில் கை வைத்தார். வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். அவர் செய்த ஜெபங்களில் எனக்குப் பிடித்தது அந்த ஒன்றுதான். பிறகு அவரும் கை கொடுத்து, நாங்கள் நாலு பேருமாக அக்காவை வண்டியில் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் திட்டிய திட்டு இருக்கிறதே. "படிச்சுப் படிச்சுச் சொல்லியும் ஏம்மா வரல? எங்க போன?" அக்கா, "சொகமாயிருந்தனுங்க" என்றாள். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஊசி குத்தும்போது அவள் கையைப் பார்த்தேன். அவள் சொன்ன கோழிக்குஞ்சு துடித்துக்கொண்டுதான் இருந்தது. வீட்டுக்காரர் முதல்முறையாக அந்த இடத்தில் விரலை வைத்தார். இழுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அவள் மழைக்காலம் வரைக்கும் இருந்தாள். ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்கும் வந்தாள். சபைதான் மாறிவிட்டது. அவளைச் சாட்சி சொல்ல யாரும் கூப்பிடவில்லை. அவள் பாயில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருக்கும். என் மனைவி போய் ஒரு பக்கத்தை நிரப்புவாள். கையை நீட்டினால் தொட்டுப் பார்க்க ஆள் இல்லை. அந்த வீடியோவை அழிக்கச் சொன்னேன். பாஸ்டர் தன் போனிலிருந்து அழித்தார். மற்ற ஊர்களுக்குப் போனது போனதுதான். இன்றைக்கும் எங்கேயோ யாரோ ஒருத்தர் போனில் அக்கா சுகமாகி நின்றுகொண்டிருக்கிறாள்.

கடைசியில் இருதயம் நின்றுபோனது. அந்த ஒரு வாரம் வராமல் இருந்ததாலா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, அப்படி இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலையும் வாங்கி வைத்துக்கொண்டேன். எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்காரர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். அதே துவைத்த சட்டை. செருப்பு விடுகிற இடத்திலேயே உட்கார்ந்தார். உள்ளே வாருங்கள் என்று பாஸ்டர் கூப்பிட்டும் எழவில்லை. இப்போதும் வருகிறார். பாடுவதில்லை, கைதட்டுவதில்லை. ஞானஸ்நானம் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. வாரேன்னு அவகிட்டச் சொன்னேன். வாரேன்" என்கிறார்.

அவள் கேட்டது வாசல் வரைக்கும்தான். அது கிடைத்தது. அதைச் சாட்சியாகச் சொல்ல அவள் இல்லை. எனக்குச் சொல்ல மனசில்லை. கர்த்தர் அவளை எடுத்துக்கொண்டு அதைக் கொடுத்தார் என்று எழுந்து நின்று சொன்னால் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலை என்னால் தாங்க முடியாது.

முன்சீட்டில் இப்போது வேறொருவர் வருகிறார். பக்கத்து ஊர் விவசாயி, கோயிலுக்குப் போகிறவர், அதே டயாலிசிஸ். "இவரையும் சபைக்குக் கூப்படறீங்களா?" என்று அக்காவின் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். "ஆஸ்பத்திரிக்குத்தான் கூப்படறேன்" என்றேன். அவர் சிரிப்பது போல ஏதோ செய்தார்.

போன வாரம் ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது அக்காவின் வீட்டுக்காரர் என்னை நிறுத்தினார்.

"ஏனுங்க, ஒண்ணும் நடக்காதவங்க எந்திரிச்சு நிக்கலாமுங்களா?"

"நிக்கலாம்" என்றேன்.

"நின்னு என்ன சொல்றது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பட்டறைப் பக்கம் நடந்தார். இன்னும் அவர் எழுந்து நிற்கவில்லை. சாட்சி நேரம் வந்தால் நான் முன்னால் பார்ப்பதில்லை. வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.